செட்டியார் உட்கார்ந்தார், பார்பி நின்றாள்

கொலுச் செட்டியாருக்கு நிற்கத் தெரியாது. அச்சிலேயே சம்மணம் போட்டுக்கொண்டு பிறந்தவர். பண்ருட்டிப் பக்கத்துப் பொம்மைக்காரர்கள் முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு என்று வைத்துக்கொண்டு, இரண்டு பாதியையும் ஒட்டிக் காயவைத்து வண்ணம் பூசுவார்கள். தொந்தி, விபூதிப் பட்டை, அங்கவஸ்திரம் எல்லாம் முன்பாதியோடு சரி. கடைக்காரருக்கு முதுகு எதற்கு? சாமான் வாங்க வருகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

1970களில் மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில் அவருக்கு இடம் கடைசிப் படிக்கும் கீழே, தரையில். கலசமும் மரப்பாச்சியும் உச்சியில், தசாவதாரம் நடுவில், பிழைப்புக்கு வழி தேடுகிற ஆட்கள் எல்லாம் அடியில் என்பது பாட்டியின் ஏற்பாடு. படி என்று நான் சொல்வது டிரங்குப் பெட்டி, அரிசி டின், தாத்தாவின் தடித்த சட்டப் புத்தகங்கள், அவற்றின்மேல் பலகை, பலகையின்மேல் எட்டு முழ வேட்டி. கொலு முடிகிற வரை தாத்தாவுக்கு வேட்டியும் கிடையாது, சட்டமும் கிடையாது.

செட்டியார் கடைக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவர் உட்கார்ந்த இடம் கடை. பக்கத்தில் அவர் மனைவி, அதே உயரம், அதே சம்மணம். முன்னால் சோடா மூடிகளிலும் மரச் சொப்புகளிலும் சரக்கு. அரிசி என்றால் சமையலறை டின்னிலிருந்து எடுத்த அரிசி. துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, மிளகு, கல்லுப்பு, வெல்லம் எல்லாம் நிஜம். அம்பாசமுத்திரம் சொப்பில் ஒரு குட்டிப் படி இருந்தது. தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, சட்டைப் பித்தானைப் பிடியாக வைத்துத் தைத்துக் கல்லாப்பெட்டி. அப்போதைய தீப்பெட்டி மரச்சில்லில் செய்தது, ஒட்டினால் நிற்கும். கல்லாவுக்குள் நிஜமான ஒரு பைசா, இரண்டு பைசா. வெளியில் அவை புழங்கிக்கொண்டிருந்த கடைசிக் காலம். செட்டியாரிடம் மட்டும் மதிப்புக் குறையவில்லை.

அளவு என்று ஒரு சங்கதி உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. செட்டியார் எழுந்து நிற்க முடிந்திருந்தால் ஓரடி இருப்பார். அவர் கணக்கில் ஒரு கொண்டைக்கடலை எலுமிச்சம்பழத்தின் பருமன். அதை அவர் ஆழாக்கால் அளந்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் கடைக்குப் பக்கத்திலேயே பினாக்கா பற்பசையோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் யானை நிற்கும், அவர் கட்டைவிரல் உயரத்தில். வந்த விருந்தாளிகளில் ஒருவர்கூட இதைத் தப்பு என்று சொன்னதில்லை. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் மட்டும் வருஷா வருஷம் குனிந்து பார்த்துவிட்டு, “நம்ம தொழில்ல இவ்வளவு தொந்தி போடற அளவுக்கு லாபம் இல்லீங்களே” என்பார். அவர் ஒல்லி.

அந்தக் கடையில் வியாபாரமும் நடந்தது. நவராத்திரி மாதத்தின் எந்தப் பகுதியில் வந்தாலும் எங்கள் வீட்டுக்கு அது மாதக் கடைசியாகவே இருக்கும். சுண்டலுக்கு வெல்லம் போதவில்லை என்றால் பாட்டி கூடத்துக்கு வந்து, வந்தவர்களோடு பேச்சை விடாமல், செட்டியாரிடமிருந்து ஒரு கட்டியை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு போவாள். மறுநாள் மிளகு. அதற்கு மறுநாள் பருப்பு பாதியாகியிருக்கும். விஜயதசமிக்குள் செட்டியார் ஏறக்குறைய திவால். மிச்சத்தை எறும்பு கொண்டுபோகும். பிறகு அவரையும் மனைவியையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கோல் பெட்டியில் படுக்கவைப்போம். படுத்தாலும் சம்மணம்தான்.

உடுப்பு விஷயம் வேறு இலாகா. அது மரப்பாச்சியைச் சேர்ந்தது. அழகுப் பொம்மை, அலங்காரப் பொம்மை என்றெல்லாம் இன்று பேசுகிறவர்கள் அந்தச் செம்மரத்து ஜோடியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீரோடு வந்தவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை புதுத்துணி. தையற்காரர் வெட்டிப்போட்ட துணுக்கு, பட்டுப் பாவாடையின் கிழிந்த கரை, சம்கி, மணி, ஜிகினா என்று சேர்த்துவைத்து, புரட்டாசி பிறந்தால் பெரியம்மா உட்கார்ந்துவிடுவாள். கை இரண்டும் உடம்போடு சேர்த்தே செதுக்கியிருக்கும் என்பதால் ரவிக்கை போட முடியாது, சுற்றத்தான் முடியும். பை பிடிக்கவும் முடியாது. ஆகவே மரப்பாச்சி கடைக்குப் போனதே இல்லை. உடுத்திக்கொள்கிறவள் உச்சிப் படியில், விற்கிறவர் தரையில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

1980களின் முடிவில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சித்தப்பா கொடுத்த பார்பி அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டாள். அவள் பூர்வீகம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஜெர்மனியில் பெரியவர்களுக்காக விற்ற லில்லி என்ற பொம்மையைப் பார்த்துவிட்டு அமெரிக்காவின் ரூத் ஹேண்ட்லர் உண்டாக்கி, 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் இறக்கியவள். அதற்குமுன் அங்கே சிறுமிகளுக்குக் கொடுத்த பொம்மைகள் பெரும்பாலும் கைக்குழந்தைகள். இவள் சம்பாதிக்கிற பெண், செலவழிக்கிற பெண். அவளுக்கு 1962இல் வந்த முதல் வீடு முழுக்க அட்டை, சோபாவும் அட்டை. ஆக, அட்டைப்பெட்டியைக் கத்தரித்துப் பொம்மைக்கு உலகம் செய்வது மாயவரத்து வறுமை மட்டும் அல்ல.

எந்தப் படி என்பதில் பெரிய விவாதம் நடந்தது. மனித உருவம், பெண், அலங்காரம் செய்துகொண்டவள், ஆகவே மரப்பாச்சிக்கு அடுத்த படி என்றாள் பெரியம்மா. முழங்காலுக்கு மேல் உடுத்தியவள் கலசத்துக்கு நேர் கீழே வரக் கூடாது என்றாள் பாட்டி. அவளுக்குப் பட்டுத் துணுக்கில் சேலை சுற்றிப் பொட்டு வைத்த பிறகும் இன்னொரு சிக்கல். அவள் பாதம் குதிகால் உயர்ந்த செருப்புக்காகவே வளைத்துச் செய்தது. தானாக நிற்காது. இரண்டு தடவை சாய்ந்து ஒருதடவை வாமனரைக் கவிழ்த்தாள். கடைசியில் ஒரு டம்ளர் அரிசியில் முழங்கால்வரை புதைத்துச் செட்டியார் கடைக்கு எதிரில் நிறுத்தினோம். அளவு எப்படியோ பொருந்திவிட்டது. ஒன்பது நாளும் அவள் அங்கே சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு சாமானும் வாங்கவில்லை. செட்டியாரும் கேட்கவில்லை. பாட்டிக்கு மட்டும் அந்த டம்ளர் அரிசியும் கணக்கில் இருந்தது.

இனி இன்றைக்கு வருகிறேன். என் தங்கை மகள் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். மென்பொருள் வேலை. கண்ணாடி அலமாரி நிறைய பார்பிகள், பாதிப் பேர் இன்னும் பெட்டிக்குள். குழந்தை இல்லாத வீட்டில் பொம்மையா என்று கேட்ட ஓர் உறவுக்காரரிடம், “குழந்தை இருந்தா உடைச்சிடுமே மாமா” என்று பதில் சொன்னவள். சென்ற வருஷம் அவளுக்கு ஓர் ஆசை. கொலுவில் அவள் பொம்மைகளுக்காக ஒரு பெட்டிக்கடை. 1985 வாக்கில் சென்னைத் தெருமுனையில் இருந்தது மாதிரி, ஆறில் ஒன்று அளவில்.

ஆறில் ஒன்று என்பது அந்த உலகத்தின் சட்டம். பார்பி பதினொன்றரை அங்குலம், ஆறால் பெருக்கினால் ஐந்தடி ஒன்பது அங்குலம். வழக்கமான பொம்மை வீட்டுக்காரர்கள் பன்னிரண்டில் ஒன்றில் செய்கிறார்கள். அந்த நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தால் பார்பிக்கு அது முக்காலிகூட இல்லை. ஆகவே எல்லாவற்றையும் ஆறால் வகுக்க வேண்டும். அவள் வகுத்தாள். அரிசியை வகுத்தால் ரவை. துவரம் பருப்பை வகுத்தால் கசகசா, அதை மஞ்சள் தண்ணீரில் நனைத்து உலர்த்த வேண்டும். கொண்டைக்கடலைக்குக் கடுகு, மேலே வெளிர் வர்ணம். சின்ன வெங்காயத்துக்கு மிளகு, அதை ஊதாவாக்க ஒரு சாயங்காலம். வாழைத்தார் பாலிமர் களிமண்ணில் ஒவ்வொரு பழமாக உருட்டியது. மட்டை உரித்த தேங்காய்க்கு மட்டும் கடவுளே வகுத்து வைத்திருந்தார், அதுதான் கொட்டைப்பாக்கு. வர்ணம், பசை எதுவும் தேவைப்படாமல் அப்படியே கூடையில் குவித்தாள்.

எங்கள் காலத்தில் சரக்கு நிஜம், அளவு பொய். இவள் கடையில் அளவு நிஜம், சரக்கு பொய். இதை அவளிடம் சொன்னேன். “பெரியம்மா, ஸ்கேல் தப்புன்னா பார்த்த உடனே பொம்மைன்னு தெரிஞ்சிடும்” என்றாள். பொம்மை பொம்மையாகத் தெரிந்தால் என்ன நஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் வேலை எங்கள் வேலையைவிட ஆயிரம் மடங்கு நேர்த்தி, அதில் சந்தேகம் வேண்டாம். அந்தக் காலம் அந்தக் காலம் என்று உருகுகிறவர்கள், நாங்கள் போட்ட கேழ்வரகு முளைப் பூங்கா ஏழாம் நாள் அழுகி என்ன நாற்றம் நாறும் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சுவருக்கு ஃபோம் போர்டு, பலகைக்கு லேசரில் வெட்டிய எம்டிஎஃப், மிட்டாய் ஜாடிக்கு ரெசின். எல்லாம் வீட்டு வாசலுக்கே கூரியரில் வந்தன. அவற்றைக் கொண்டுவந்த பையன்களின் ஆப்கள்தான் அவள் தெருவில் இருந்த ஒரே பெட்டிக்கடையையும் மூட வைத்தன என்று சொன்னால் கட்டுரை அழகாக இருக்கும். அந்தக் கடை மூடியது வாடகையால். எப்படியோ, பார்த்துச் செய்ய ஒரு கடை வேண்டியிருந்தது. அவள் நினைத்துப் பார்த்தால் கடைதான் நினைவுக்கு வந்தது, எது எந்தக் கையருகில் என்பது வரவில்லை.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி கடைக்கு அழைத்துப் போனேன். அவள் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கடையின் அகலத்தை அளக்க ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “ஏம்மா, மெட்ரோவுல இருந்து வாறீகளா?” என்றார். பொம்மைக்குக் கடை செய்ய என்று விளக்கியதும் இன்னும் சந்தேகம் கூடியது. இடம் எடுக்க வருகிறவர்கள் எத்தனையோ காரணம் சொல்வார்கள், இது புதிது. கொலு என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு இளகினார். இளகியவர் வேலையை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சில்லறை டப்பா இடது கைப்பக்கம், வலது கை பொட்டலம் கட்ட வேண்டும். நூல்கண்டு தலைக்கு மேல் தொங்க வேண்டும், நுனி மூக்கு உயரத்துக்கு வர வேண்டும். பீடி பற்றவைக்கிற நெருப்புக் கயிறு காற்று வருகிற பக்கம் கூடாது. வாழைத்தார் வாசலில், ஏனென்றால் கடைக்காரர் பார்க்காதபோது ஒன்றைப் பிய்ப்பவன் நாளைக்கு வந்து காசு கொடுப்பான். முறுக்கு ஜாடி முன்னால், புகையிலை பின்னால். அவள் எழுத எழுத, சாமான் வாங்க வந்தவர்களும் நின்று திருத்தம் சொன்னார்கள்.

“எல்லாம் சரி, ஜிபே ஸ்டிக்கரு எங்க வைப்பீக?” என்றார் கடைசியில்.

“இது எண்பத்தஞ்சுல உள்ள கடை அண்ணாச்சி. அப்ப ஏது அது?”

“அது இல்லாம இன்னைக்கு எவன் நிக்கான்?”

யூபிஐ வந்ததே 2016இல்தான் என்று வரலாற்றை அவரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் வரலாற்றில் அக்கறை காட்டவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அச்சடித்தாள். கைவசம் இருந்தது அவளுடைய சொந்த க்யூஆர் கோடு. அதையே ஆறால் வகுத்து, தபால்தலையைவிடச் சின்னதாக, கண்ணாடி ஜாடி ஒன்றின்மேல் ஒட்டினாள்.

சாஷே சரம்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. ஷாம்புவைத் துளித்துளியாகப் பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று இந்த நாட்டுக்குக் காட்டியவர்களில் முன்னோடி கடலூர் சின்னிகிருஷ்ணன். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கடை முகப்பில் தோரணம் தோரணமாக ஷாம்பு, ஊறுகாய், காப்பித்தூள் தொங்க ஆரம்பித்தன. யோசித்தால், குட்டிச் சாமான் செய்கிற கலையை நம் கடைகளே முதலில் பழகிவிட்டன. பெரிய பாட்டிலை வகுத்து வகுத்துக் கடைக்காரர் தொங்கவிட்டதை, இவள் மறுபடி ஆறால் வகுக்கிறாள். ஐந்து சென்டிமீட்டர் உறை எட்டு மில்லிமீட்டர் ஆகிறது. சாமணத்தால் பிடித்து மடித்து ஒட்ட வேண்டும். இரவு இரண்டு மணிக்குத் தும்மல் வந்தால் ஒரு சரம் போச்சு.

கடை முடிந்தது. உட்கார ஆள் இல்லை.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பார்பியின் ஜோடிப் பொம்மையான கென்னுக்கு வேட்டி கட்டி உட்கார வைத்தால் இரண்டு காலும் துப்பாக்கி மாதிரி தெருவைப் பார்த்து நீண்டன. வாங்க வருகிறவர் நெஞ்சில் மிதிக்கிற தோரணை. சாதாரண பார்பிக்கும் அதே கதி. சம்மணம் போடத் தெரியாதவர் பெட்டிக்கடை நடத்த முடியாது, ஏனென்றால் அந்தக் கடையே ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எழாமல், கை நீட்டி எல்லாச் சாமானையும் எடுக்கிற தூரத்துக்குக் கட்டியது. மேசை போட்டு நிற்க வைக்கலாமே என்றேன். “அப்ப அது ஃபேன்சி ஸ்டோர்” என்று அவள் சொன்னது நியாயம்.

விசாரித்ததில், 2015இல் வந்த ஒரு வகைப் பார்பிக்கு இருபத்திரண்டு இடத்தில் மூட்டு உண்டு, யோகாசனம் செய்யும் என்று தெரிந்தது. மறு வருஷம் 2016இல், ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, கொஞ்சம் சதைப்பிடிப்பான உடம்பிலும் பார்பி விற்கத் தொடங்கினார்கள். மூட்டும் வேண்டும், சதையும் வேண்டும். தேடி இணையத்தில் அவளைப் பிடித்தபோது ஒரு பட்டுப்புடவை விலை சொன்னார்கள். வாங்கினாள். அந்தக் கடைக்கு ஆன மொத்தச் செலவில் நிஜக் கடை ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கலாம்.

அந்தப் பொம்மைக்கு என்ன உடுத்துவது என்பதில்தான் நான் இந்த முயற்சிக்குள் முழுதாக இழுக்கப்பட்டேன். அழகுப் பொம்மைகளின் வரலாற்றில் எத்தனையோ பெரிய வடிவமைப்பாளர்கள் பார்பிக்கு உடை தைத்திருக்கிறார்கள். பூப்போட்ட நைட்டி தைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திக் கடையில் உட்கார வைத்தவள் அநேகமாக நான்தான். தலைமுடியை வாரிக் கொண்டை போட்டேன். கடைக்கார அக்கா கச்சிதமாக வந்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடன் கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இப்படிச் சிரித்தால் ஒரே வாரத்தில் கடையை ஊர் தின்றுவிடும். அதற்குப் பரிகாரமாகத் தங்கை மகள் ஒரு சின்னப் பலகையில் கடன் அன்பை முறிக்கும் என்று எழுதி மாட்டினாள்.

கொலுவுக்கு வந்தவர்கள் குனிந்தார்கள், செல்போனை நீட்டினார்கள், நிமிர்ந்தார்கள். ஒரு பெண் குழந்தை மிட்டாய் ஜாடியைத் தொடப்போக நான்கு பேர் ஒரே குரலில் “தொடாதே” என்றார்கள். எங்கள் காலத்திலும் இதே குரல்தான், இதே வேகம்தான். குழந்தைகள் தொட்டு விளையாடிய பொற்காலம் என்று ஒன்று கொலுவில் இருந்ததே இல்லை. தொட உரிமை இருந்தது பாட்டிக்கு மட்டும்.

சரஸ்வதி பூஜை அன்று தன் கடையில் பூஜை முடித்துவிட்டு அண்ணாச்சி மனைவியோடு வந்தார். என் அம்மாவும் அன்று அங்கேதான் இருந்தாள். அவர் படி பக்கமே பார்க்கவில்லை. நேரே போய்த் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்தார். நூல்கண்டைப் பார்த்தார், சில்லறை டப்பாவைப் பார்த்தார். “சரக்கு ரொம்ப நிறைச்சிட்டீக. இவ்வளவு முதல் போட்டா தூக்கம் வராது” என்றார். பிறகு ஜாடியின்மேல் ஒட்டியிருந்ததைக் கவனித்துவிட்டுத் தன் செல்போனை எடுத்துக் கிட்டத்தில் பிடித்தார். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டத்தை அது படித்துவிட்டது. பத்து ரூபாய் போட்டார். உள்ளே சார்ஜில் கிடந்த தங்கை மகளின் போன் கூவியது.

அவள் பதறிப்போய், “ஐயோ, அது சும்மா அண்ணாச்சி, திருப்பி அனுப்பிடறேன்” என்றாள்.

“போணியத் திருப்பிக் குடுக்கப்பிடாதும்மா.”

“காசு வாங்கிட்டியேடி” என்றாள் அம்மா நாற்காலியிலிருந்து. “எதையாவது குடுத்தனுப்பு.”

தங்கை மகள் தன் கடையை ஒருமுறை பார்த்தாள். சாயம் போட்ட கசகசா, வர்ணம் பூசிய கடுகு, ரெசின் முறுக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து நீட்டினாள். அவர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

“நல்ல பாக்கு” என்றார். “வெத்தலை இருக்கா?”

தாம்பூலத் தட்டு பக்கத்திலேயே இருந்தது. அம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் கொடுத்தாள். அவர் வெட்டி ஒரு சில்லை அம்மாவுக்கும் நீட்ட, அவள் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டு, தரம் எப்படி என்று சொல்வதற்கு முன்னால், கூடையில் இன்னும் எத்தனை தேங்காய் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள்.